டப்பாவில் செத்த புழுவும் காய்க்குள் பிழைத்த புழுவும்: என் பி.டி. பருத்திச் சோதனை

எங்கள் நிலம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. மானாவாரிக் கரிசல். ஆவணி கடைசியில் மழை பார்த்து பருத்தி ஊன்றுவோம், பக்கத்துத் துண்டில் மக்காச்சோளம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம் பறிப்புக்குப் போனபோது காய்களில் பாதி சரியாக வெடிக்கவே இல்லை. வெடித்ததிலும் பஞ்சு மஞ்சள் பாய்ந்து, சுளை பிரியாமல் ஒட்டிக்கிடந்தது. விதை விற்ற கடையில் கேட்டால், "விதை நல்ல விதைதான், நீங்க மருந்து அடிக்கல" என்றார்கள். ஊரில் கேட்டால், "விதையே டூப்ளிகேட்" என்றார்கள். இரண்டு பக்கமும் யாரும் எதையும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். புழு வளர்க்கவும் எண்ணவும் தெரியும். சரி, அடுத்த பட்டத்தில் நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு நோட்டு போட்டு ஆரம்பித்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் மரபணுவைப் பருத்தியில் சேர்த்திருப்பதால், அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் புரதத்தைச் செடியே உண்டாக்குகிறது. காய்ப்புழு இலையைத் தின்றதும் அந்தப் புரதம் அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் சாகிறது. 2002 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி கிடைத்த ரகங்களில் கிரை1ஏசி என்ற ஒரே புரதம்தான் இருந்தது. 2006-இலிருந்து வருவதில் அதோடு கிரை2ஏபி என்ற இரண்டாவது புரதமும் உண்டு. நாங்கள் விதைப்பது இந்த இரட்டைப் புரத வகை. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ மாதிரி சாறு உறிஞ்சுகிறவற்றை இது ஒன்றும் செய்யாது. "பி.டி. போட்டும் பூச்சி வருதே" என்று சொல்பவர்களில் பலர் தத்துப்பூச்சியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க பி.டி. இல்லாத செடி வேண்டும். அது உறைக்குள்ளேயே வந்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையைச் சின்னப் பொட்டலமாகக் கொடுத்திருந்தார்கள். வயலைச் சுற்றி அதை ஊன்ற வேண்டும். அதில் பிழைக்கும் சாதாப் புழுக்களின் அந்துப்பூச்சிகள், பி.டி.யில் தப்பித்தவற்றோடு சேர்ந்தால் பி.டி.யைத் தாங்கும் எதிர்ப்பு சீக்கிரம் பரவாது என்பது கணக்கு. எங்கள் ஊரில் அதைப் பெரும்பாலும் வரப்பிலேயே வீசிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் வீசிக்கொண்டிருந்தோம். இந்த முறை கிழக்கு ஓரமாக ஐந்து வரிசை ஊன்றினேன்.

35-ஆம் நாள், பட்டைச் சோதனை

இலையிலிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கிள்ளி, சின்னக் குழாயில் போட்டு, கொடுத்திருக்கும் கரைசலை ஊற்றி, குச்சியால் நன்றாக நசுக்க வேண்டும். பச்சைச் சாறு ஆனதும், பி.டி. புரதம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையை அதில் நிறுத்திவைத்தால் ஈரம் மேலே ஏறும். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே கோடு விழும். மேல் கோடு பட்டை வேலை செய்கிறது என்பதற்கு. கீழே இரண்டு கோடு, ஒவ்வொரு புரதத்துக்கும் ஒன்று. பி.டி. வரிசையில் பத்துச் செடி பார்த்தேன். பத்திலும் இரண்டு கோடும் விழுந்தன. ஆக, விதை டூப்ளிகேட் இல்லை. சாதா வரிசையில் ஒரே ஒரு செடி பார்த்தேன். கோடு இல்லை. பட்டையை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அதோடு நிறுத்தினேன். அது தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

பட்டை சொல்வது புரதம் இருக்கிறதா என்பதை மட்டும். புழு சாகிறதா என்று புழுவைத்தான் கேட்க வேண்டும்.

48-ஆம் நாள், கெட்டுப்போன முதல் சோதனை

வெண்டைக்காய்ப் பாத்தியிலிருந்து பச்சைக் காய்ப்புழு பத்து பிடித்தேன். அமெரிக்கன் காய்ப்புழு என்று சொல்கிறோமே, அதுதான். சில விரல்கணு நீளம், சில அரிசி நீளம். இரண்டு பாட்டிலில் ஐந்து ஐந்தாகப் போட்டு, ஒன்றில் பி.டி. இலை, இன்னொன்றில் சாதா இலை வைத்து, வாயைத் துணியால் கட்டினேன்.

மறுநாள் காலையில் சாதா இலை பாட்டிலில் மூன்று புழுதான் இருந்தது. துணி அவிழவில்லை. அடியில் ஒரு புழுவின் தலை ஓடு மட்டும் கிடந்தது. இந்தப் புழு தன் இனத்தையே தின்னும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கைவேலை என்று வரும்போது நினைவுக்கு வரவில்லை. பி.டி. பாட்டிலிலோ, மூன்று நாள் கழித்தும் பெரிய புழு இரண்டு உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தன.

பக்கத்து நிலத்துப் பெரியப்பா பார்த்துவிட்டு, "ஏம்மா, எல்லாரும் செடியை வளக்குறாங்க, நீ புழுவை வளக்குற. அதுவும் சாகல பாரு. பி.டி. செத்துப்போச்சு" என்றார். அவர் சொன்ன முடிவு தப்பு. ஆனால் என் சோதனை அந்த முடிவுக்குத்தான் இடம் கொடுத்தது. வளர்ந்த புழு நிறைய புரதத்தைத் தாங்கும். வயலில் தாய் அந்துப்பூச்சி நுனி இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கிறது. பொரித்த குஞ்சுப் புழு அந்த இலையைத்தான் முதலில் கடிக்கிறது. அந்த முதல் கடியில் சாகிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பொரித்த அன்றே உள்ள குஞ்சு வேண்டும், டப்பாவுக்கு ஒன்று வீதம்.

புழு வளர்ப்பு

சாதா இலை பாட்டிலில் மிஞ்சியதையும், வெண்டையில் மேலும் பிடித்த பன்னிரண்டையும் தனித்தனி டப்பாவில் வெண்டைப்பிஞ்சு போட்டு வளர்த்தேன். பி.டி. பாட்டிலில் தப்பித்த இரண்டையும் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றேன். இதில் தயக்கமே கூடாது. பி.டி. தின்று பிழைத்த புழுவை வளர்த்துக் குஞ்சு எடுத்தால் நாமே எதிர்ப்புள்ள இனத்தைப் பொறுக்கி எடுத்த மாதிரி ஆகும்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. டப்பாவில் ஈரம் கோத்து, பிஞ்சில் பூஞ்சணம் பிடித்து நான்கு புழு செத்தது. அப்புறம் தினமும் இரண்டு வேளை துடைத்து, பிஞ்சு மாற்றினேன். என் அத்தை, அதாவது மாமியார், இதைப் பார்த்துக்கொண்டே பழைய கதை சொல்வார். பி.டி. வருவதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தரம் மருந்து அடித்த காலம் அது. அடித்துவிட்டு வந்த மாமா சோறு பிசைய முடியாமல் கை நடுங்க உட்கார்ந்திருப்பாராம். "அந்தப் புழுவா இது, இவ்ளோ சின்னதா இருக்கு" என்று டப்பாவை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பி.டி. எதைத் தீர்த்தது என்பதை அவரை மாதிரி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி வந்தது. ஆண் கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல், பெண் செம்பழுப்பு. பிளாஸ்டிக் வாளிக்குள் விட்டு, கறுப்புத் துணியால் மூடி, தேன் கலந்த தண்ணீரில் நனைத்த பஞ்சைத் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலை துணியில் கசகசா தூவிய மாதிரி முட்டைகள். மஞ்சள் கலந்த வெள்ளை, லென்ஸில் பார்த்தால் பூசணிக்காய் மாதிரி வரி வரியாக இருந்தன. கறுக்க ஆரம்பித்தால் மறுநாள் பொரிக்கும்.

78-ஆம் நாள், இரண்டாம் சோதனை

மூடி போட்ட சின்ன டப்பா 48. அடியில் ஈரமான டிஷ்யூ, அதன் மேல் நுனியிலிருந்து மூன்றாவது இலையின் துண்டு. 24 டப்பாவில் பி.டி., 24-இல் சாதா. சாதாவுக்கு 12 செடியைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பாவுக்கு இலை எடுத்து, டப்பா மேல் செடி எண்ணை எழுதினேன். இந்த எண் எழுதிய வேலைதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது. குஞ்சுப் புழு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் தொட்டு எடுத்து வைக்க வேண்டும். அழுத்தினால் நாம் கொன்றதாகிவிடும்.

நாலாம் நாள் எண்ணினேன். பி.டி.யில் 23 சாவு. உயிரோடிருந்த ஒன்றும் பொரித்த அளவிலேயே நின்றுவிட்டது. இலையில் ஊசி குத்தின மாதிரி இரண்டு மூன்று பொட்டு, அவ்வளவுதான் தின்றது. சாதாவில் புழுக்கள் கொழுத்து, இலையை ஜன்னல் போட்டிருந்தன. ஆனால் அங்கேயும் 7 சாவு. 24-இல் 7 என்பது ரொம்ப அதிகம். பிரஷ்ஷில் அழுத்திவிட்டேனோ, இலையில் மருந்து பட்டிருக்குமோ என்று ராத்திரி முழுக்க யோசனை.

காலையில் டப்பாக்களை எண் வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். ஏழில் ஆறு சாவு 3, 7, 11 என்ற மூன்று செடிகளிலேயே இருந்தது. இரண்டு டப்பாவிலும் சாவு. பட்டையை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். மூன்று செடியிலும் இரண்டு கோடு அழுத்தமாக விழுந்தது. 'பி.டி. இல்லாத விதை' என்று கொடுத்த பொட்டலத்தில், நான் பார்த்த பன்னிரண்டில் மூன்று பி.டி.!

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. விவசாயி பொட்டலத்தை வீசிவிடுகிறார் என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள். வீசாமல் ஊன்றினவளுக்குக் கிடைத்தது இது.

அந்த மூன்று செடியின் ஆறு டப்பாவைக் கழித்தால் சாதாவில் 18-க்கு ஒரு சாவு. 1925-இல் அபாட் என்பவர் கொடுத்த திருத்தக் கணக்கைத்தான் இன்றும் இந்தச் சோதனைகளில் போடுகிறார்கள். சாதாவில் பிழைத்த விகிதத்தை நூறாக வைத்து, அதோடு பி.டி.யில் பிழைத்ததை ஒப்பிடுவது. சாதாவில் 94.4 சதவீதம் பிழைத்தது, பி.டி.யில் 4.2. திருத்திய சாவு 95.6 சதவீதம். பச்சைக் காய்ப்புழுவைப் பொறுத்தவரை என் செடி நன்றாகவே வேலை செய்தது. பெரியப்பாவிடம் டப்பாக்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

118-ஆம் நாள், அதே புழு, வயசான செடி

சாதா இலையில் பிழைத்தவற்றை வளர்த்து அடுத்த தலைமுறைக் குஞ்சு எடுத்தேன். செடி வயதாக ஆகப் புரதம் குறையும். நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் கேசவ் கிராந்தி குழுவினர் ஒற்றைப் புரத ரகங்களில் அளந்து, 110 நாளுக்கு மேல் அது புழுவைக் கொல்லப் போதாத அளவுக்கு இறங்குவதை 2005-இல் எழுதியிருக்கிறார்கள். இரட்டைப் புரத வகையில் என் வயலில் எப்படி என்று பார்க்க, இந்த முறை இலையோடு சப்பையும், அதாவது விரியாத பூ மொட்டும், வைத்தேன்.

20 டப்பா வீதம். பி.டி. இலையில் 17 சாவு, பி.டி. சப்பையில் 13. சாதாவில் இலையில் ஒன்று, சப்பையில் இரண்டு. பி.டி. சப்பையில் பிழைத்த ஏழும் சாதாவில் உள்ளதில் பாதி அளவுகூட இல்லை. ஆனாலும் உயிரோடுதான் இருந்தன. 20 டப்பா சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்துப் பெரிய முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் 'விதைத்தாகிவிட்டது, இனி புழுவைப் பார்க்க வேண்டாம்' என்று மார்கழியில் இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காயை உடைத்துப் பார்த்தது

என் பருத்தியைக் கெடுத்தது பச்சைப் புழு இல்லை என்று இதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. பொங்கலுக்கு முந்தின வாரம், பி.டி. வரிசைகளில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பதினைந்து இருபது நாள் ஆன பச்சைக் காய் 20 பறித்தேன். சாதா வரிசையில் பட்டையில் தேறின செடிகளில் 20. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நல்ல காய். ஒரு ஓட்டை கிடையாது.

திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஒவ்வொன்றாகப் பிளந்தேன். நாலாவது காய். ஓட்டின் உள்பக்கம் ஒரு சின்ன மரு மாதிரித் தடிப்பு. பக்கத்தில் வெள்ளைச் சுளையில் பழுப்பாக ஒரு நூல் தடம். தடம் சுளைக்கும் சுளைக்கும் நடுவில் உள்ள சவ்வைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகிறது. ஊசியால் பஞ்சைப் பிரித்தேன். விதைக்குள் தலையை விட்டுக்கொண்டு, முதுகில் இளஞ்சிவப்புப் பட்டை போட்ட புழு. அது தின்ற விதை உள்ளே வெறும் கூடு. பஞ்சு அந்த இடத்தில் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. அத்தை எட்டிப் பார்த்து, "இத்தனை நாள் இதையா நாம மூட்டை கட்டினோம்" என்றார்.

முடிவு இதுதான். பி.டி. காய் 20-இல் 7-இல் புழு. சாதா காய் 20-இல் 9-இல். 20 காய்க்கு 2 என்றாலே மருந்து அடிக்க வேண்டிய அளவு. ஒரே செடி. அதன் இலை பச்சைப் புழுவை நாலு நாளில் கொல்கிறது. காய்க்குள் இளஞ்சிவப்புப் புழு கொழுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் பல. பச்சைப் புழு துவரை, தக்காளி, மக்காச்சோளம் என்று எதையும் தின்னும். அதனால் பி.டி. படாத புழுக்கள் ஊரில் எப்போதும் உண்டு. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்திதான் சாப்பாடு. ஒவ்வொரு தலைமுறையும் பி.டி.யையே தின்று, தாங்கினது மட்டும் மிஞ்சுகிறது. குஜராத்தில் ஒற்றைப் புரதப் பருத்தியில் அது பிழைப்பதை 2010-லேயே அறிவித்தார்கள். சில வருஷத்தில் இரட்டைப் புரதத்தையும் தாண்டிவிட்டது.

இன்னொன்றை நானே பார்க்க ஆசைப்பட்டேன். நாம் விதைப்பது ஒட்டு விதை, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்தது. செடியில் இரண்டு மரபணுவும் இருக்கும். ஆனால் அந்தச் செடியின் காயில் உள்ள விதைகள் அதன் பிள்ளைகள். 16 விதைக்கு 9-இல் இரண்டு புரதமும், 3-இல் முதலாவது மட்டும், 3-இல் இரண்டாவது மட்டும், ஒன்றில் எதுவுமே இல்லை என்ற கணக்கில் பிரியும். இளஞ்சிவப்புப் புழு தின்பதோ விதையை. மீதி இருந்த பட்டை 16. வெடித்த காய்களிலிருந்து 16 விதை எடுத்து ராத்திரி ஊறவைத்து, மேல் தோலை உரித்தேன். தோல் தாய்ச் செடியுடையது, அதோடு நசுக்கினால் எல்லாமே பி.டி. என்று காட்டும். உள்பருப்பை மட்டும் நசுக்கினேன். பத்தில் இரண்டு கோடும், மூன்றில் முதல் கோடு, இரண்டில் இரண்டாம் கோடு, ஒன்றில் வெறும் மேல் கோடு. ஒரே காய்க்குள் முழு விஷமும் அரை விஷமும் வெறும் சாப்பாடும் கலந்திருக்கிறது. புழு எதிர்ப்பைப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

அதன் பிறகு செய்தது

பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு இரண்டு கட்டினேன். பொறிக்கு ராத்திரிக்கு எட்டு அந்துப்பூச்சி, மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்து என்பது அளவு. எங்களுக்கு முதல் ராத்திரியே பதினொன்று. பொறியை நவம்பரில் முதல் பூ பார்த்தபோதே கட்டியிருக்க வேண்டும். விரியாமல் ரோஜா மொட்டு மாதிரிச் சுருண்டிருந்த பூக்களை நானும் பறிப்புக்கு வந்த பெண்களும் பார்த்திருக்கிறோம். உள்ளே இந்தப் புழு இருக்கும் என்று அப்போது தெரியாமல் விட்டோம். இப்போது அவர்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். "அக்கா, இதோ ஒண்ணு" என்று பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தோடு பயிரை முடித்துக்கொண்டோம். இன்னும் ஒரு பறிப்பு வரும் என்று வீட்டில் அவருக்கு மனசே இல்லை. கடைசிப் பறிப்பில் பாதி மஞ்சளாகத்தான் இருக்கும், அதற்குள் புழு அடுத்த பட்டத்துக்குத் தயாராகிவிடும் என்று காயை உடைத்துக் காட்டினேன். பட்டம் முடியும் சமயத்தில் பட்டு நூலால் இரண்டு விதையை ஒட்டவைத்து, நடுவில் மாதக்கணக்கில் தூங்கும் புழு இது. ஆட்டுக்காரரிடம் சொல்லி மூன்று ராத்திரி கிடை போட்டோம். மிஞ்சிய பிஞ்சையும் காயையும் ஆடு தின்று தீர்த்தது. பருத்திமாரை அடுப்புக்கென்று வரப்பில் அடுக்கிவைக்கும் வழக்கத்தை விட்டு, பிடுங்கினதும் தூளாக்கி உழுதுவிட்டோம்.

இந்தப் பட்டத்துக்கு விதை வாங்கியாகிவிட்டது. சின்னப் பொட்டலத்திலிருந்து பத்து விதையைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, மருந்துப் பூச்சைக் கழுவி, நேற்று ராத்திரி ஊறவைத்திருக்கிறேன். பட்டை பத்து தயாராக இருக்கிறது. பெரியப்பாவும் தன் பொட்டலத்தை வீசாமல் கொண்டுவந்து, "இதையும் பாத்துடும்மா" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.